ஒரு முழு விநாடி

டோன்யா எர்மிந்தா, உண்டியல் மாதிரி மூடியில் கீறல் போட்ட ஒரு பழைய தேயிலை டப்பாவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையின் நடுவில் ‘டங்’கென்று வைத்தாள்.

“எழுதுங்க எல்லாரும். பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்து எழுதக் கூடாது. காப்பியடிச்சே பாஸ் பண்ணின மூஞ்சிங்க ரெண்டு மூணு இங்க இருக்கு, எனக்குத் தெரியும்.”

எர்மிந்தா அந்த முகாமின் சமையல்காரி. ‘டோன்யா’ என்பது பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். பன்னிரண்டு வருஷமாக அங்கே சமைக்கிறாள். முகாமிலிருந்து ஜீப்பில் நாற்பது நிமிஷம் மேலே ஏறினால், ஐயாயிரம் மீட்டர் உயரத்து மொட்டை வெளியில், வானத்தைப் பார்த்து மல்லாந்த கிண்ணம் மாதிரி ஒரு பெரிய ரேடியோ தட்டு நிற்கும். வருஷத்தில் பத்து நாள், ஏப்ரல் மாதத்தில், ஹவாயில் ஒன்று, மெக்ஸிகோவில் ஒன்று, தென் துருவத்தில் ஒன்று என்று பூமியின் பல மூலைகளில் இருக்கிற தட்டுகளும் சிலி நாட்டின் இந்தத் தட்டும் ஒரே நேரத்தில் ஒரே புள்ளியைப் பார்க்கும். பால்வெளியின் நட்டநடு அது. அங்கே ஒரு கருந்துளை இருக்கிறது என்கிறார்கள்.

இருக்கிறதா, இல்லையா? அதுதான் டப்பாவின் கேள்வி. ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்துப் போட வேண்டும். அந்தக் கருந்துளையின் படம் வருகிற அன்றைக்குத்தான் திறப்பார்கள். இதுவரை திறந்ததில்லை.

“நான் வழக்கம்போல இல்லைன்னுதான் எழுதப்போறேன்” என்றாள் எர்மிந்தா. “நாப்பது லட்சம் சூரியனோட கனம்ங்கறீங்க. வெளிச்சத்தையே முழுங்கிடும்ங்கறீங்க. ஒருத்தராவது எனக்குக் காட்டினீங்களா? என் அடுப்படியில உப்பு இருக்குன்னு சொன்னா டப்பாவைத் திறந்ததும் உப்பு இருக்கணும். கணக்குப் போட்டா உப்பு வரணும்னு சொல்லிக்கிட்டு இருந்தா நீங்க சாப்பிடுவீங்களா?”

“அதைச் சுத்தி நட்சத்திரமெல்லாம் பறக்குதே, டோன்யா” என்றான் எலாதியோ. “நடுவுல ஒண்ணுமே இல்லாமலா சுத்தும்?”

“என் தங்கச்சி புருஷன்கூடத்தான் ஞாயித்துக்கிழமையானா காலி மைதானத்தைச் சுத்திச் சுத்தி வரான். நடுவுல என்ன இருக்கு, அவன் மூளையா?”

மேசையே சிரித்தது. முகாமின் தலைவி ஃப்ரேசியா மட்டும் ரொட்டியைப் பிய்த்து வெண்ணெய்ப் பழத்தில் தோய்த்தபடி யோசித்தாள். அவளை எல்லோரும் ‘ஹெஃபா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தலைவி என்றுதான் அதற்கு அர்த்தம்.

“அவங்க கேக்கறது நியாயம்தான். கனமா ஏதோ இருக்கு, அது வரைக்கும் தெரியும். அது துளைதானா, வேற எதாவதான்னு யாருக்கும் தெரியாது. டோன்யா, இப்படிப் பாருங்க. அங்க வெறும் வெளிச்சக் குமிழ்தான் இருக்குன்னா, ரெண்டு தட்டுக்கு நடுவுல தூரம் கூடக் கூட சிக்னல் மங்கும், அப்புறம் செத்துடும். செத்தது செத்ததுதான். ஆனா நடுவுல இருட்டு, சுத்தி வளையம்னா, மங்கும், செத்துடும், அப்புறம் திரும்ப உயிர் வரும். அந்தத் திரும்ப வரதைத்தான் நாங்க தேடறோம்.”

“செத்தது திரும்ப வரதா? அதுக்கு நீங்க பாதிரியார்கிட்ட போகணும், ஹெஃபா.”

மேசையின் ஓரத்தில் நெல்வா திக்கோனா தன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தாறு. எல்லைக்கு அந்தப் பக்கம், பொலிவியாவின் உப்புப் பாலை ஓரத்திலிருந்து வந்தவள். தட்டிலிருந்து வருகிற சிக்னலை வட்டுகளில் பதியவைக்கிற இயந்திரங்கள் அவள் பொறுப்பு. வேலை ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. ஒப்பந்தம் இருந்தால்தான் குடியிருப்பு அட்டை, அட்டை இருந்தால்தான் எல்லைக்கு இந்தப் பக்கம். அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த பெரு நாட்டுப் பையன் ஒரு வட்டைக் கீழே போட்டு உடைத்தான், அடுத்த மாதமே ஊர் போய்ச் சேர்ந்தான். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவள் கையில் எதை எடுத்தாலும் இரண்டு கையாலும்தான் எடுப்பாள். கரண்டியைக்கூட.

“என்ன பொலிவியாக்காரி, இன்னும் யோசிக்கறே?” என்றான் எலாதியோ. அவன் சிலி நாட்டுத் தெற்கத்திக்காரன், முகாமின் கடிகாரத்துக்குக் காவல். “உங்க ஊர்ல கடல்தான் இல்லை. அபிப்பிராயமாவது இருக்கா?”

“கடலைச் சண்டை போட்டு நீங்கதானே எடுத்துக்கிட்டீங்க. அபிப்பிராயத்தையும் எடுத்துக்குங்க.”

“பார்றா! வாயைப் பார்றா!” என்று எலாதியோ மேசையைத் தட்டினான். பொலிவியாவின் கடற்கரையைச் சிலி பிடித்துக்கொண்ட, நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய போர் அது. அவர்கள் இருவரும் தினமும் ஒரு முறையாவது அதைப் போட்டு முடிப்பார்கள்.

நெல்வா சிரித்துக்கொண்டே சீட்டை மடித்து டப்பாவில் போட்டாள். அதில் அவள் எதுவும் எழுதவில்லை. இருக்கிறது என்று சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம். வந்த இடத்தில் கருத்துச் சொல்வதற்கும் ஒரு அட்டை கேட்பார்களோ என்று தோன்றிக்கொண்டே இருக்கும் அவளுக்கு.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

அன்றைக்கு வானம் எங்கேயும் சுத்தம். ஹவாயில் மேகம் இல்லை, மெக்ஸிகோவில் இல்லை, இங்கே காற்றில் ஈரப்பசையே இல்லை. இப்படி எல்லா இடத்திலும் ஒரே நாளில் வாய்ப்பது அபூர்வம். காலை மருத்துவர் விரலில் கருவியை மாட்டி நெல்வாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்து நான்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எண்பதுக்குக் கீழே போனால் மேலே விடமாட்டார்கள். முதுகில் குட்டி உருளையும் மூக்கில் குழாயுமாக அவளும் எலாதியோவும் ஜீப்பில் ஏறினார்கள்.

மேலே ஒரு அறை உண்டு. அதன் கதவுக்கு முன்னால் வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். உள்ளே ஹைட்ரஜன் கடிகாரம் இருக்கிறது. தட்டுகளைக் கம்பி போட்டு இணைக்க முடியாது, நடுவில் சமுத்திரம் கிடக்கிறது. அதனால் ஒவ்வொரு தட்டும் தான் கேட்டதைத் தன் கடிகாரத்தின் துடிப்போடு சேர்த்து வட்டில் எழுதிக்கொள்ளும். வட்டுகளை விமானத்தில் ஜெர்மனிக்கு அனுப்புவார்கள். அங்கே எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டு, துடிப்புக்குத் துடிப்பு பொருத்திப் பார்ப்பார்கள். பொருந்தினால்தான் அது ஒரே கண். பொருந்தாவிட்டால் அது ஆளுக்கொரு குருட்டுக் கண்.

அதனால் அந்த அறைக்குச் சட்டம் உண்டு. பத்து நாளும் யாரும் உள்ளே போகக் கூடாது. போயே ஆகவேண்டும் என்றால் இரண்டு பேராகப் போகவேண்டும். போனதைப் பதிவேட்டில் எழுதவேண்டும். பதிவேட்டில் இல்லாதது நடக்கவில்லை. அந்தத் தொழிலின் ஆணிவேரே அதுதான்.

காலை எட்டரை மணிக்கு எலாதியோவுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. “இருபது நிமிஷம் ஆக்சிஜன் அறையில படுத்துட்டு வரேன். எதுனா கத்தினா கூப்பிடு” என்று போனான். அவன் போய்ப் பத்து நிமிஷத்தில் கடிகார அறையின் வெப்ப மணி கத்தத் தொடங்கியது. நெல்வா அவனை எழுப்பப் போனாள். அவன் முகமூடிக்குள் வாயைத் திறந்து குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தான். முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. எழுப்ப மனசு வரவில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் மணி நின்றுவிடும், அவ்வளவுதானே என்று தனியாக உள்ளே போனாள்.

பொத்தானை அமுக்கினாள். மணி நின்றது. திரும்பியபோது மூக்கிலிருந்து தொங்கிய ஆக்சிஜன் குழாய் பின்னால் எதிலோ மாட்டி இழுத்தது. ஒரு சின்னச் சத்தம். கடிகாரத்தின் துடிப்பைப் பதிவு இயந்திரத்துக்குக் கொண்டுபோகிற மெல்லிய கேபிள் கழன்று ஆடியது. கண்ணாடிக்கு அப்பால் இயந்திரத்தின் பச்சை விளக்கு சிவப்பானது.

அவள் கை தானாகவே நீண்டு கேபிளைச் செருகியது. சிவப்பு மறுபடி பச்சையானது. நாலே விநாடி. சுவர்க் கடிகாரம் எட்டு நாற்பத்திரண்டு காட்டியது.

வெளியே வந்து பதிவேட்டைத் திறந்தாள். அதற்கு முன்னால் மருத்துவர் கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில் ‘8:42, மூன்றாம் கேபிள், நாலு விநாடி, பச்சை’ என்று கிறுக்கிக்கொண்டாள், பிறகு பார்த்து எழுதலாம் என்று. பேனா பதிவேட்டின் மேல் நின்றது. தனியாக உள்ளே போனதை எழுத வேண்டும். கேபிளைக் கழற்றியதை எழுத வேண்டும். அந்த இரண்டு வரிக்குக் கீழே தன் பெயரை எழுத வேண்டும். ஜூன் முப்பதுக்கு இன்னும் இரண்டரை மாதம்தான் இருந்தது.

பச்சைதானே எரிகிறது, என்று நினைத்தாள். பதிவேட்டை மூடினாள்.

ஜூன் மாதம், அந்தப் பக்கத்துக் குளிர்காலம், முகாமைப் பனி மூடியது. இரண்டாவது வாரம், ஒரு காலை பத்து மணிக்கு ஜெர்மனியிலிருந்து வீப்கே திரையில் வந்தாள். வட்டுகளைப் பொருத்திப் பார்க்கிற குழுவுக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே மாலை நேரம், அவள் கண்கள் களைத்திருந்தன.

“முதல் ரெண்டு நாள் உங்க தட்டு அருமையாப் பொருந்துது. மூணாம் நாளும் எட்டு நாப்பது வரைக்கும் பொருந்துது. அதுக்கப்புறம் பத்தரை வரைக்கும் ஒண்ணுமே இல்லை. வெறும் இரைச்சல். நாலாம் நாள் இயந்திரத்தைப் புதுசா ஓடவிட்டிருக்கீங்க, திரும்ப நல்லா இருக்கு.”

“எவ்வளவு தள்ளித் தேடினீங்க?” என்று கேட்டாள் ஃப்ரேசியா.

“எப்பவும் போல விநாடியில பத்து லட்சத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு. போன வாரம் ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் போயிட்டோம். அதுக்கு மேல எங்கன்னு போய்த் தேடறது? உங்க பதிவேடு வேற துடைச்சு வச்ச மாதிரி சுத்தமா இருக்கு. எங்களுக்குத் தோணறது ஒண்ணுதான். உங்க கடிகாரத்துக்கு வயசாயிடுச்சு.”

எலாதியோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். “வயசா? கோடி வருஷம் ஓடினா ஒரு விநாடி தப்பற கடிகாரம் அது!”

“கோபப்படாதீங்க. ஹவாய்க்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கற தூரத்துலதான் வளையமா குமிழான்னு தெரியும். அன்னிக்கு மட்டும்தான் ரெண்டு பக்கமும் வானம் நல்லா இருந்தது. திங்கட்கிழமைக்குள்ள ஏதாவது கிடைக்கலைன்னா இந்த வருஷத்தையே விட்டுட வேண்டியதுதான். கடிகாரத்தையும் கழட்டி அனுப்பச் சொல்லிடுவாங்க.”

மேசைக்கு அடியில் நெல்வாவின் விரல்கள் மேல்சட்டைப் பையில் இருந்த சீட்டைத் தொட்டன. எட்டு வாரத்துக்கு மேலாக அது அங்கேயே இருக்கிறது. சட்டையைத் துவைக்கும்போது எடுப்பாள், காய்ந்ததும் திரும்ப வைப்பாள். தூக்கிப் போட முடியவில்லை.

மத்தியானம் எர்மிந்தா சூடாகப் பூசணியும் உருளைக்கிழங்கும் மசித்த குழம்பு ஊற்றினாள். எலாதியோ தொடவில்லை.

“எலாதியோ, சாப்பிடுடா. உன் கடிகாரத்துக்குத்தானே உடம்பு சரியில்லை, உனக்கென்ன?”

அவன் பதிலுக்கு எதுவும் கிண்டல் அடிக்கவில்லை. அதுதான் நெல்வாவை என்னவோ செய்தது. கடல் கதையைக்கூட அன்றைக்கு அவன் எடுக்கவில்லை.

“என்னைத் தெற்கே அனுப்பிடுவாங்க” என்றான் மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “போகட்டும். அன்னிக்கு நான் படுத்திருக்கக் கூடாது. அந்த இருபது நிமிஷத்துல கடிகாரத்துக்கு ஏதோ ஆகியிருக்கு, நான் பார்க்கலை. உனக்கு ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சதா?”

“எனக்கா? இல்லை” என்றாள் நெல்வா.

சொன்னதும் குழம்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். எழுந்து வெளியே வந்தாள். செல்பேசியில் அக்கா ரூஃபினாவின் குரல் பதிவு வந்து கிடந்தது. ஊரில் லாமா என்கிற கம்பளி விலங்குகளை மேய்ப்பவள். பின்னால் அவை கனைப்பது கேட்டது.

“ஏய் நெல்வா, உயிரோட இருக்கியா? பத்து நாளா உன் குரலே இல்லை. பால்வெளியோட கறுப்புத் திட்டுல நம்ம வானத்து லாமாவுக்குப் பின்னால ஓடுமே அந்த இருட்டு நரி, அது பக்கத்துலதான் நீங்க தேடறீங்களாமே, ரேடியோவுல சொன்னான். மத்த ஊர்க்காரன் வெளிச்சத்தைப் பார்த்துப் பேர் வச்சான், நாமதான் இருட்டைப் பார்த்துப் பேர் வச்சோம். எங்களைக் கேட்டிருந்தா அங்க என்னமோ இருக்குன்னு நாங்களே சொல்லியிருப்போம், இவ்வளவு பெரிய தட்டு எதுக்கு? சரி, அதை விடு. கடைசியாப் பேசினப்பவே உன் குரல்ல என்னமோ சரியில்லை. நீ சொல்லலைன்னா எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. நீ எதைச் சொல்லாம சுத்திச் சுத்தி வரேங்கறதை வச்சே எனக்குத் தெரியும்.”

நெல்வா இரண்டாவது முறை அதைப் போட்டுக் கேட்டாள். பிறகு ஃப்ரேசியாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

“வா, வா. நானே கூப்பிடணும்னு இருந்தேன்.” ஃப்ரேசியா ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். புது ஒப்பந்தம். இரண்டு வருஷம். “தலைமையகத்துலேருந்து வந்துடுச்சு. கீழ கையெழுத்துப் போடு. இன்னிக்கு வந்த ஒரே நல்ல செய்தி இதுதான்.”

பேனாவை நீட்டினாள். நெல்வா இரண்டு கையாலும் அதை வாங்கினாள். காகிதத்தில் அவள் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. தப்பில்லாமல், அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு குடும்பப் பெயரோடும். இரண்டு வருஷம். ஒரு கோடு இழுத்தால் போதும்.

“ஹெஃபா, இதைப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தாள். தண்ணீர் பட்டு மை கொஞ்சம் ஊறியிருந்தாலும் எண் தெரிந்தது. சொன்னாள். மணி கத்தியது, தனியாகப் போனது, குழாய் மாட்டியது, சிவப்பு, பச்சை. பதிவேட்டைத் திறந்து மூடியது. சொல்ல ஆரம்பித்தவள் நடுவில் நிற்கவில்லை. எட்டு வாரமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வரிகள் அவை.

ஃப்ரேசியா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹீட்டர் முனகியது. திட்டினாலாவது பரவாயில்லை என்று இருந்தது நெல்வாவுக்கு.

“கழன்றது துடிப்பு கேபிளா? நிச்சயமா?”

“நிச்சயமா.”

“நீ திரும்பச் செருகினதும் இயந்திரம் தானாவே எண்ண ஆரம்பிச்சுதா?”

“ஆமா. பச்சை வந்துடுச்சு.”

“பச்சை வரும். அதுக்குத் துடிப்பு கிடைச்சாப் போதும், பச்சையாயிடும். எத்தனாவது துடிப்புன்னு அதுக்குத் தெரியாது. எத்தனை போச்சுன்னு தோராயமாக் கணக்குப் போட்டுத்தான் திரும்ப எண்ணும், ஒண்ணு முன்னாடியோ பின்னாடியோ தப்பிடும்.” ஃப்ரேசியா எழுந்தே விட்டாள். “அட கடவுளே! நெல்வா, அவங்க பத்து லட்சத்துல ஒரு பங்கு, ஆயிரத்துல ஒரு பங்குன்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேடிக்கிட்டு இருக்காங்க. ஒரு முழு விநாடி தள்ளி இருக்கும்னு எவன் தேடுவான்? அவ்வளவு பெரிய தப்பை எவன் எதிர்பார்ப்பான்?”

நெல்வாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“வீப்கே வீட்டுக்குப் போறதுக்குள்ள பிடிக்கணும். நீ போய் எலாதியோகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன். அதை நீதான் சொல்லணும்.”

எலாதியோ பட்டறையில் ஒரு பெட்டியில் தன் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நெல்வா நின்றபடியே சொன்னாள். அவன் ஒரு திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். முடித்ததும் அதைப் பெட்டிக்குள் மெதுவாக வைத்தான்.

“எட்டு வாரம்” என்றான்.

“ஆமா.”

“ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி நான் உன்னைக் கேட்டேன். நேராக் கேட்டேன்.”

“ஆமா.”

“போ இங்கேருந்து.”

அவள் போனாள். கட்டுப்பாட்டு அறையில் ஃப்ரேசியா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீப்கே கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தவள், கோட்டைக் கழற்றாமலேயே விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“முன்னாடியா பின்னாடியா, ஒரு விநாடி?”

“தெரியலை” என்றாள் நெல்வா.

“நீங்கதானா அது? சரி, ரெண்டு பக்கமும் பார்க்கறேன். ஒரு மணி நேரமாவது ஆகும்.” ஒரு கணம் தட்டுவதை நிறுத்தி, திரையிலிருந்து நெல்வாவைப் பார்த்தாள். “மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு வட்டுப் பெட்டிக்குத் தப்பான நாட்டுச் சீட்டை ஒட்டி அனுப்பினேன். நாலு நாள் யார்கிட்டயும் சொல்லலை. இதுவரைக்கும் இவங்க யாருக்கும் தெரியாது.”

“இப்பத் தெரிஞ்சுடுச்சு” என்றாள் ஃப்ரேசியா.

வெளியே பனி விழத் தொடங்கியது. எர்மிந்தா பனி விழுந்தால் பூசணி மாவு தட்டி எண்ணெயில் பொரிப்பாள், அது அவள் வழக்கம். அந்த வாசனை நடையெல்லாம் பரவியது. முதல் முயற்சி, ஒரு விநாடி முன்னால். திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது, கலங்கிய தண்ணீர் மாதிரி. நெல்வா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேபிள் காரணம் இல்லை என்றால்? கடிகாரத்துக்கே வயதாகிவிட்டது என்றால்? எல்லாவற்றையும் சொல்லி எல்லாவற்றையும் இழந்ததுதான் மிச்சமா?

கதவு திறந்தது. எலாதியோ வந்தான். அவளைப் பார்க்காமல் தூரத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“இப்ப பின்னாடி” என்றாள் வீப்கே.

நிமிஷங்கள் போயின. கோடு தட்டையாகத்தான் வந்தது. பிறகு நட்டநடுவில், யாரோ கீழேயிருந்து விரலால் குத்தியது மாதிரி, ஒரு கூர்முனை நிமிர்ந்து எழுந்தது.

வீப்கே ஜெர்மன் மொழியில் ஏதோ கத்தினாள். யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“ஒரு முழு விநாடி! சுத்தமா ஒரு விநாடி! ஹவாயும் நீங்களும்! அம்மாடி, எவ்வளவு பலமா இருக்கு பாருங்க!”

எலாதியோ எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் அந்த முனையையே பார்த்தான்.

“கோடி வருஷத்துல என் கடிகாரம் தப்பவிட வேண்டிய ஒரு விநாடியை, இவ நாலு விநாடியில தப்பவிட்டிருக்கா” என்றான். “பொலிவியாக்காரங்களுக்கு அப்பவே இவ்வளவு வேகம் இருந்திருந்தா அந்தப் போர்ல நாங்க ஜெயிச்சிருக்கவே மாட்டோம்.”

நெல்வாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. “எலாதியோ, என்னை…”

“மன்னிச்சேன்னு நான் சொல்லலை. அதுக்கு நாள் ஆகும். கடிகாரத்தைப் பத்தி மட்டும்தான் இப்பப் பேசறேன்.”

வீப்கே விடவில்லை. பொருந்திய நேரங்களை ஒவ்வொன்றாக வரிசையில் வைக்கத் தொடங்கினாள். பூமி சுழலச் சுழல, வானத்திலிருந்து பார்த்தால், ஹவாய்க்கும் சிலிக்கும் நடுவிலான தூரம் மாறிக்கொண்டே வரும். எட்டே முக்கால், ஒன்பது, ஒன்பதேகால். ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் விழுந்தது.

“இன்னும் சரிபார்க்கணும், இது வெறும் முதல் பார்வைதான், யாரும் வெளியில சொல்லாதீங்க” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். “மங்குது… இன்னும் மங்குது… இங்க கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை…”

எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். தட்டில் பொரித்ததை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த எர்மிந்தாவும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அடுத்த புள்ளி கொஞ்சம் மேலே விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் மேலே.

“திரும்ப வருது” என்றாள் ஃப்ரேசியா. அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் இருந்தது. “செத்தது திரும்ப வருது.”

எர்மிந்தா தட்டை மேசையில் வைத்தாள்.

“ஆக, இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“நடுவுல இருட்டு இருக்கு, டோன்யா. வளையம் இருக்கு. சரிபார்த்து இதே நின்னுதுன்னா அது வரைக்கும் சத்தியம் பண்ணுவேன். அந்த இருட்டு நாங்க நினைக்கற துளைதானான்னு இன்னும் பத்து வருஷம் சண்டை போடுவோம்.”

“அப்ப டப்பாவைத் திறக்க மாட்டேன்.” சொல்லிவிட்டு அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் புள்ளிகளையே பார்த்தாள். “ஆனா உப்பு வாசனை மாதிரி என்னமோ வருது. அதை ஒத்துக்கறேன்.”

சாயங்காலம் ஃப்ரேசியா பதிவேட்டை நெல்வாவுக்கு முன்னால் திறந்து வைத்தாள். ஏப்ரலின் அந்தப் பக்கம். நெல்வா எழுதினாள்: எட்டு நாற்பத்திரண்டு, தனியாக உள்ளே போனது, கேபிள், நாலு விநாடி. தாமதமாக எழுதுவதையும் இன்றைய தேதியையும் எழுதினாள். கீழே பெயரை எழுதினாள், இரண்டு குடும்பப் பெயரோடும்.

“ரெண்டு வருஷம் என்னால தர முடியாது” என்றாள் ஃப்ரேசியா. “நீ பண்ணினதையும் எழுதி அனுப்பறேன், நீயா வந்து சொன்னதையும் எழுதி அனுப்பறேன். என் அதிகாரத்துல ஆறு மாசம் போடலாம். அட்டைக்கு அது போதும். அதுக்கப்புறம் மேல இருக்கறவங்கதான் சொல்லணும்.”

“அதுக்கப்புறமும் நான் இங்க இருப்பேனா, ஹெஃபா?”

“அதுவும் அந்தத் துளை மாதிரிதான், நெல்வா. இப்போதைக்குச் சுத்தி இருக்கறதை வச்சுத்தான் சொல்ல முடியும். சுத்தி இருக்கறது நல்லாத்தான் இருக்கு.”

நெல்வா ஆறு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அடுப்படிக்குப் போய் எர்மிந்தாவிடம் தன் சீட்டைத் திருப்பிக் கேட்டாள்.

“அதுல நான் ஒண்ணும் எழுதலை, டோன்யா.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்? டப்பாவைத் திறக்கவே இல்லையே?”

“பொண்ணே, பன்னெண்டு வருஷமா என் அலமாரியில இருக்கற டப்பா அது. நான் பார்க்காமலா இருப்பேன்?” எர்மிந்தா கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்து, மேலாகக் கிடந்த வெற்றுச் சீட்டைச் சரியாக எடுத்துக் கொடுத்தாள். “எழுது. ஆனா இப்ப எழுதறது காப்பியடிச்ச மாதிரிதான்.”

நெல்வா சிரித்துக்கொண்டே ‘இருக்கிறது’ என்று எழுதினாள். யாரும் சீட்டில் பெயர் எழுதுவதில்லை. அவள் எழுதினாள். பிறகு வெளியே நடையில் நின்று, செல்பேசியை வாயருகே வைத்து, “அக்கா, நீ சொன்னது சரிதான், உன்கிட்ட ஒண்ணு சொல்லாம இருந்தேன்” என்று ஆரம்பித்துப் பதினோரு நிமிஷம் பேசினாள்.

மறுநாள் காலை மருத்துவர் விரலில் கருவியை மாட்டினார். எண்பத்தெட்டு. அவள் அங்கே வந்ததிலிருந்து அவ்வளவு வந்ததில்லை. ஜீப்பில் ஏறப் போனபோது எலாதியோ குறுக்கே நின்றான். கையில் கறுப்பு ஒட்டுநாடா. அவள் மூக்கிலிருந்து தொங்கிய குழாயை எடுத்து, தோளோடு சேர்த்து மேல்சட்டையில் வைத்து, மூன்று சுற்று ஒட்டினான். ஒரு முறை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

“உங்க ஊர்க்காரங்க சொல்ற அந்த வானத்து நரி வாய்க்குள்ள வேணும்னா உன்னைத் தனியா விடுவேன்” என்றான். “கடிகார அறைக்குள்ள விடமாட்டேன். ஏறு.”